ஒரு கப்பலும் ஒரு பாவாடையும்

"வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊர். அங்கே என்ன இருக்கப் போகிறது பார்க்க?" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண்ணின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஸ்வீடன் நாட்டின் தலைநகரமான ஸ்டாக்ஹோமுக்குப் போனவள், மூன்று மாதம் வரை பத்தியச் சமையலும் தொட்டிலும் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. ஜூன் மாதம் வெயில் வந்ததும் மாப்பிள்ளைதான் கிளப்பி விட்டார். "அத்தை, இவ்வளவு தூரம் வந்துட்டு அந்தக் கப்பலைப் பார்க்காமப் போனா எப்படி? குழந்தையையும் தள்ளுவண்டியில் வெச்சுக் கூட்டிண்டு போகலாம்."

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் அமைந்த நகரம். எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். நகரத்துக்கு வெளியே கடலில் சுமார் 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றனவாம். ஸ்லுசன் என்ற துறையிலிருந்து படகில் ஏறினோம். பத்தே நிமிஷம். ஒரு பக்கம் பழைய நகரத்தின் மஞ்சளும் காவியுமான கட்டடங்கள், மறு பக்கம் மரங்கள் அடர்ந்த யூர்கோர்டன் தீவு. முன்பு அரசர்கள் வேட்டையாடிய இடம். இன்று கண்காட்சிசாலைகளின் தீவு.

ராஜாவின் கப்பல்

வாசா கண்காட்சிசாலைக்குள் நுழைந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. உள்ளே ஒரே அரையிருட்டு. கண் பழகியதும் பார்த்தால், எதிரே தேர் போல ஒரு மரக்கப்பல்! 69 மீட்டர் நீளம். பின்புறம் முழுவதும் சிங்கங்களும் வீரர்களும் தேவதைகளுமாக நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள். நம் கோயில் தேரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அதன் முன்னால் கைகூப்பலாம் போலத்தான் இருந்தது.

இந்தக் கப்பலின் கதையைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் மன்னர் போருக்காகக் கட்டச் சொன்ன கப்பல் இது. பீரங்கிகள் மட்டும் 64. மேல்பாரம் அதிகமாகிவிட்டது. கரையோரத்தில் நிறுத்தி, 30 ஆட்களைத் தளத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும் போல ஆட, சோதனையை நிறுத்திவிட்டார்களாம்! ஆனால் மன்னர் வெளிநாட்டுப் போர்க்களத்திலிருந்து அவசரப்படுத்துகிறார். போய்ச் சொல்ல யாருக்குத் துணிவு?

1628-ஆம் வருஷம் ஆகஸ்ட் 10-ந் தேதி ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்க, கப்பல் புறப்பட்டது. சுமார் 1,300 மீட்டர் தூரம்தான் போயிருக்கும். ஒரு காற்று வீசியது. கப்பல் சாய்ந்தது. பீரங்கிக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், முழுகிவிட்டது. சுமார் 30 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை.

முதல் பயணம் என்பதால் மாலுமிகள் தங்கள் குடும்பத்தாரையும் கொஞ்ச தூரம் அழைத்துப் போகலாம் என்று அனுமதி இருந்ததாம். கீழ்த்தளத்தில் அந்த மனிதர்களின் எலும்புக்கூடுகளையும், அவற்றைக் கொண்டு செய்த முகங்களையும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை வெகுகாலம் ஆண் என்றே எண்ணி ஆண் பெயரிட்டு அழைத்து வந்தார்கள். மரபணுப் பரிசோதனையில் அவள் ஒரு பெண் என்று 2023-ல் தெரிய வந்தது! மாலுமி ஒருவனின் மனைவியாக இருக்கலாம் என்கிறார்கள்.

"பாரேன், செத்து நானூறு வருஷம் ஆகப் போறது. இப்போதான் அவ பொம்பளைன்னு கண்டுபிடிச்சிருக்கா" என்றேன்.

"இதைக் கேளு அம்மா" என்றாள் என் பெண். "இந்தக் கப்பலைக் கட்ட ஆரம்பிச்சவர் பாதியிலேயே, 1627-ல, இறந்து போயிட்டார். அப்புறம் அந்தக் கப்பல் பட்டறையை நிர்வாகம் பண்ணினது அவரோட மனைவி, மார்கரெத்தா நில்ஸ்டாட்டர்!"

கப்பல் 333 வருஷம் கடலடியில் கிடந்தது. மரத்தை அரிக்கும் கடல்புழுவுக்கு உப்புக் குறைந்த பால்டிக் கடல் ஒத்துக்கொள்ளாதாம். அதனால் தப்பித்தது. 1956-ல் ஆண்டர்ஸ் ஃப்ரான்சேன் என்பவர் தேடிக் கண்டுபிடித்தார். முக்குளிப்பவர்கள் அதனடியில் ஆறு சுரங்கங்கள் குடைந்து, இரும்புக் கயிறுகளைக் கொடுத்து, 1961-ல் மேலே தூக்கினார்கள். ஈரமரம் காய்ந்து வெடிக்காமலிருக்க 17 வருஷம் மருந்துநீரைத் தெளித்தார்களாம். பிறகு 1990-ல் இந்தக் கண்காட்சிசாலையைத் திறந்தார்கள்.

எனக்குப் பீரங்கிகளைவிடப் பிடித்தது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னச் சாமான்கள்தான். மரக்கரண்டி, மரக்கிண்ணம், ஒரு மாலுமியின் பெட்டியிலிருந்த தொப்பி, தையல் சாமான். புறப்படும்போது எந்தத் தாயோ, மனைவியோ எடுத்து வைத்ததாக இருக்குமோ?

பெண்ணின் பாவாடை

அடுத்தாற்போலவே நார்டிக் கண்காட்சிசாலை. வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை என்றே சொல்வீர்கள். ஆனால் உள்ளே இருப்பது சாதாரண ஜனங்களின் துணிமணி, மேஜை நாற்காலி, சமையல் பாத்திரம், குழந்தைகளின் பொம்மை. இதைத் தொடங்கியவர் ஆர்தர் ஹாசேலியஸ். 1872-ல் டாலார்னா என்ற மாகாணத்தில் பயணம் செய்யும்போது, கிராமத்து உடைகளும் வீட்டுச் சாமான்களும் மளமளவென்று மறைந்து வருவதைக் கண்டார். ரயில் வந்துவிட்டது, தொழிற்சாலைத் துணி வந்துவிட்டது, பழையது யாருக்கு வேண்டும்? அவர் முதன்முதலில் விலைக்கு வாங்கிய பொருள் என்ன தெரியுமா? ஒரு கிராமத்துப் பெண்ணின் கம்பளிப் பாவாடை! இத்தனை பெரிய கண்காட்சிசாலைக்குப் பிள்ளையார் சுழி அந்தப் பாவாடைதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. சாமானை மட்டும் வைத்தால் போதுமா, வீடு வேண்டாமா என்று, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அதே தீவின் குன்றில் மீண்டும் பூட்டி வைத்தார். அதுதான் ஸ்கான்சன். 1891-ல் திறந்தார்கள். திறந்தவெளிக் கண்காட்சிசாலைகளுக்கெல்லாம் தாய் என்று அதைச் சொல்வார்கள். இன்று சுமார் 150 கட்டடங்கள் இருக்கின்றன. கரடி, காட்டுமான் போன்ற வடநாட்டு மிருகங்களும் உண்டு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

ஒரு பண்ணை வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. கதவு அவ்வளவு தாழ்வு. கணகணவென்று அடுப்பு. அந்தக் காலத்து உடையும் முந்தானைத் துணியும் அணிந்த பெண்மணி ஒருத்தி உட்கார்ந்து பின்னிக் கொண்டிருந்தாள். உத்தரத்தில் நீளக் கழி; அதில் நடுவே ஓட்டை போட்ட வட்ட வட்ட ரொட்டிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நாம் வடாம், அப்பளம் இட்டு வைப்பது போல, அவர்கள் ரொட்டியைச் சுட்டுக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்துக் கொள்வார்களாம்.

மூலையில் பூ வரைந்த மரப்பெட்டி ஒன்று. மேலே இரண்டு மூன்று எழுத்துக்கள், ஒரு வருஷம். "இது கல்யாணப் பெண்ணின் சீர்ப்பெட்டி. எழுத்து அவள் பெயருக்கு. துணிமணியெல்லாம் இதில் போட்டுத்தான் புகுந்த வீட்டுக்கு வருவாள்" என்று அந்தப் பெண்மணி சொன்னதை என் பெண் எனக்குச் சொன்னாள்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

என் மாமியாரின் பித்தளைக் கூஜாவிலும் இப்படித்தான் அவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். 1986-ல் அண்டா, அடுக்கு, கூஜா எல்லாவற்றையும் தராசில் போட்டு எவர்சில்வர் பாத்திரமாக மாற்றியவள் நான்தான். புளி போட்டுத் தேய்க்கிற வேலை மிச்சம் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக் கொண்டேன். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூஜாவை மட்டும் கையில் வாங்கி, அந்த எழுத்துக்களை ஒருமுறை விரலால் தடவிவிட்டு, திருப்பித் தந்துவிட்டார்.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" என்றாள் பெண். சொன்னேன். "பாட்டி பேர் வெட்டின கூஜாவா? நான் பார்த்ததே இல்லையே" என்றாள். தள்ளுவண்டியில் தூங்கிக் கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தேன். அவளுக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

போகிறவர்களுக்கு

ஸ்டாக்ஹோமில் பெண்ணோ பிள்ளையோ இருந்து நீங்கள் போவதானால் சில விஷயங்கள். ஜூன், ஜூலை மாதங்கள் உத்தமம். இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம். வாசா கப்பல் கூடத்தில் மரத்துக்காகக் குளுமையாகவே வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் என்றாலும் ஒரு சால்வை அவசியம், கைக்குழந்தைக்குத் தொப்பியும் சாக்ஸும். ஸ்கான்சன் குன்று மேடும் பள்ளமும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக் கொள்ளுங்கள். முழுசாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். நாங்கள் புளியோதரை கட்டிக் கொண்டு போய் மரத்தடியில் சாப்பிட்டோம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஏலக்காய் மணக்கும் பன் அங்கே பிரசித்தம். சைவக்காரர்கள் முட்டை உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் பரணில் ஏறித் தேடினேன். மாமியாருடையது என்று அகப்பட்டது ஓர் அரிவாள்மணையும், பிடி தேய்ந்த ஒரு மத்தும்தான். துடைத்து, ஒரு சீட்டில் அவர் பெயர், பிறந்த ஊர், கல்யாண வருஷம் எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். மத்துக்கான சீட்டில், "இதில் கடைந்த மோரைக் குடித்துத்தான் உன் தாத்தா வளர்ந்தார்" என்று பேத்திக்காக ஒரு வரி கூடுதலாக எழுதினேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். பழைய சாமான்காரர் வாசலில் குரல் கொடுக்கும்போது, எடுத்துப் போடுவதற்கு முன் அதில் யாருடைய பெயர் வெட்டியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.