விளக்கேற்றி எழுப்பிய எஞ்சின்

டென்மார்க் தேசத்து யூட்லாந்துப் பிரதேசத்திலே, கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில், அறுவடை தொடங்குமுன் கிடைக்கும் சிறு ஓய்வைப் பயன்படுத்திக்கொண்டு, வயது முதிர்ந்த குடியானவர்கள் தம் தகப்பன், பாட்டன் காலத்து டிராக்டர்களைப் புல்வெளி ஒன்றில் கொணர்ந்து நிறுத்தி ஊராருக்கு ஓட்டிக் காட்டுவது வழக்கம். சென்ற வாரம் அத்தகைய கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே கேட்ட ஒரு சப்தம் என்னை ஐம்பது வருஷங்களுக்கு முந்தைய பொறையாற்று ரைஸ் மில் ஒன்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அது லான்ஸ் புல்டாக் என்னும் ஜெர்மானிய டிராக்டர். மான்ஹைம் நகரத்து லான்ஸ் கம்பெனியில் பிரிட்ஸ் ஹூபர் என்ற பொறியாளர் வகுத்து 1921ஆம் ஆண்டில் வெளிவந்த வம்சத்தைச் சேர்ந்தது. அந்த முதல் புல்டாக்குக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். ஆனால் அந்த ஒற்றைச் சிலிண்டரின் கொள்ளளவு ஆறு லிட்டருக்கு மேல். நம்மூர் வயல்களில் பழகிய மாஸி பெர்குஸன் 1035இன் மூன்று சிலிண்டர்களும் சேர்ந்தே சுமார் இரண்டரை லிட்டர்தான் என்பதை நினைத்தால், அதன் ஒவ்வோர் அடியும் எவ்வளவு கனமாக விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதைக் கிளப்புவது ஒரு சிறு வைபவம். முகப்பில் துருத்தி நிற்கும் இரும்புக் குமிழுக்கு அடியில் கிழவர் ஒருவர் ஊதுவிளக்கைப் பொருத்தி, நீல ஜ்வாலை சீறும்படி வைத்துவிட்டு, குமிழ் பழுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஸ்டியரிங் சக்கரத்தை அதன் தண்டோடு உருவியெடுத்து, பக்கவாட்டில் இருந்த பெரிய ப்ளைவீலின் நடுவே செருகி, தொட்டிலை ஆட்டுவதுபோல் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை ஆட்டினார். ‘டொக்’ என்று ஒரு வெடிப்பு. ஒரு புகை வளையம். பிறகு ‘டொக், டொக், டொக்’ என்று நிலம் அதிர அது உயிர்பெற்றது.

இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினாகையால் எந்தத் திசையில் சுழன்றாலும் அதற்குச் சம்மதமே. முதல் புல்டாக்கிற்கு ரிவர்ஸ் கியரே கிடையாது; பின்னால் போகவேண்டுமானால், எஞ்சினை அணையும் நிலைக்குத் தாழ்த்தி, சரியான கணத்தில் எண்ணெயைக் கொடுத்து, எதிர்த்திசையில் சுழலவைக்க வேண்டும். இந்த ஹஸ்த லாகவத்தை நூலில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. காதால்தான் கற்க வேண்டும்.

இதன் தத்துவம் நம் தாய்மார்களுக்குப் புதிதன்று. பம்ப் ஸ்டவ்வின் தலையை முதலில் சூடாக்கிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி எரிவதும், எரியத் தொடங்கிய பின் அதன் உஷ்ணமே அதைத் தொடர்ந்து எரியவைப்பதும் எல்லாரும் கண்டதே. குமிழ் எஞ்சினும் அவ்வாறே: பழுத்த குமிழுக்குள் தெளிக்கப்பட்ட எண்ணெய், அமுக்கப்பட்ட காற்றோடு கலந்து தானே பற்றிக்கொள்ளும், ஓடத் தொடங்கியபின் விளக்கை எடுத்துவிடலாம். ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் 1890இலேயே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்; கிராந்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி கம்பெனியார் அதைத் தயாரித்து விற்றார்கள். ருடால்ப் டீசலின் எஞ்சின் பரீட்சையில் வெற்றிகண்டதோ 1897இல்தான். கழிவெண்ணெயோ, தாரெண்ணெயோ, தாவர எண்ணெயோ, கிடைத்ததை எரித்து உழைக்கும் இந்த எஞ்சினை, கையில் எது கிடைக்குமென்று நிச்சயமில்லாத கிராமத்து மனிதனுக்காகவே செய்த யந்திரம் என்று நான் கருதுகிறேன்.

என் தகப்பனார் பொறையாற்றில் அத்தகைய குரூடாயில் எஞ்சின் ஒன்றின் டிரைவராக இருந்தார். விடியுமுன்னே விளக்கைப் பற்றவைத்து, குமிழின் நிறம் மங்கிய சிவப்பாகும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாரம் குறைந்தால் குமிழ் குளிர்ந்து எஞ்சின் நின்றுவிடும். பாரம் மிகுந்தால் குமிழ் அளவுக்கு மீறிக் காய்ந்து, எண்ணெய் காலத்துக்கு முன்பே வெடித்து இடிக்கத் தொடங்கும். அப்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு அடக்கவேண்டும். அறையில் நெல் குத்தும் ஹல்லர் எவ்வளவு நெல்லை விழுங்குகிறது என்பதை, வெளித் திண்ணையில் கண்ணை மூடிப் படுத்தபடியே, எஞ்சினின் அடியைக்கொண்டு அவர் சொல்லிவிடுவார். பின்னாளில் மின்சார மோட்டார் வந்ததும், முதலாளி அந்த எஞ்சினை எடைக்கு விற்றுவிட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை.

புல்வெளியில் வேறு விசித்திரங்களும் இருந்தன. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் செய்த பீல்டு மார்ஷல் டிராக்டரை, வேட்டைத் துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றைச் செருகிச் சுத்தியலால் தட்டி வெடிக்கச்செய்தும் கிளப்பலாம். வெடியுப்பில் தோய்த்த காகிதத் துண்டைத் தணலாக்கி எஞ்சினின் தலையில் திருகிவிட்டுக் கையால் சுற்றியும் கிளப்பலாம். ஆனால் என் மனம் நின்றது, ஓரத்தில் ஆரவாரமின்றி நின்ற சிறிய சாம்பல்நிறப் பெர்குஸனிடத்தில். 1946 முதல் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இந்த வண்டி, 1949 முதல் பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும் ரூபத்திலும் கிடைத்தது. அங்கே நின்ற வண்டியின் சொந்தக்காரர், பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, பீட்டர்பரோ பெர்கின்ஸ் கம்பெனியின் பி3 என்னும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார். அக்காலத்தில் பலர் செய்த மாற்றம் அது.

அந்தப் பெர்கின்ஸ் பெயர் நமக்கு அந்நியமன்று. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியார் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியதும், 1960இல் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குஸன் டிராக்டர்களுக்குச் சிம்ப்ஸன் எஞ்சின்களே உயிராக அமைந்ததும், அதே சமயத்தில் தஞ்சை ஜில்லாவில் விளைச்சலைப் பெருக்கும் பாக்கேஜ் திட்டம் ஆரம்பமானதும் ஒன்றையொன்று தொடர்ந்தவை. ஐரோப்பியக் காய்ந்த நிலத்துக்கென வகுத்த வண்டிக்கு இரும்புக் கேஜ் வீலை மாட்டி, முழங்காலளவு சேற்றில் இறக்கித் தொளியடிக்கவும், களத்தில் தாளைப் பரப்பி அதன்மேல் சுற்றிச்சுற்றி ஓட்டிப் போரடிக்கவும் பழக்கியவர்கள் நம் காவிரிக் கரையின் டிரைவர்களும் பட்டறைக்காரர்களுமே.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, எங்கள் பொறையாற்றுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்கள், நம் காலத்தில் திரும்பி வந்து, தங்கள் தேசிய மியூசியத்தின் மூலமாக அங்கே கவர்னர் மாளிகையைப் பழுதுபார்க்க உதவினார்கள். சுவர்களுக்கு இப்படிப் பாதுகாவலர்கள் கிடைத்துவிட்டார்கள்; அதே டேனிஷ்காரர்கள் தங்கள் ஊரில் எஞ்சின்களையும் எண்ணெயிட்டுக் காக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நெல்லைக் குத்தியும் நீரை இறைத்தும் நம்மைப் பிழைக்கவைத்த எஞ்சின்களுக்கு மட்டும் நம்மிடம் ஒரு கொட்டகைகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

பொறையாறு, ஆக்கூர், திருக்கடையூர்ப் பக்கத்து அன்பர்களே, உங்கள் கொல்லையிலோ மூடிக்கிடக்கும் மில்லிலோ அத்தகைய எஞ்சின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்குமானால், பழைய இரும்புக்காரனை அழைக்குமுன், அதன் தகட்டிலுள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை ஓட்டிய கிழவர் இருந்தால் அவர் சொல்லும் முறையைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். ஒரு படமாவது எடுத்துவையுங்கள். என் தகப்பனார் ஓட்டிய எஞ்சினுக்கு எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை.