கொழுந்துக் கறை

அம்மாவின் இரண்டு கைகளிலும் பெருவிரலும் சுட்டுவிரலும் எப்போதும் கறுத்தே இருக்கும். தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. கோயிலுக்குப் போகும் நாட்களில் சேலைத் தலைப்புக்குள் விரல்களை மறைத்துக்கொள்வார். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கறை உண்டு. பத்தாம் ஆண்டு வரைக்கும் அதை அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

பத்தாம் ஆண்டில் விஞ்ஞான சேர் வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் காட்டினார். பாடசாலையில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. அதன் ஆடியிலும் பாதி ரசம் போயிருந்தது. கெசல்கமுவ ஓயாப் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி கலையும்வரை காத்திருந்து, யன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் போய்ப் பார்த்தோம். நீள நீளமான அறைகள், ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோட்டபடி.

"சேர், எங்க லயம் மாதிரியே இருக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது, சேர் சிரிக்கவில்லை. 1665இல் ரொபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்தபோதும் சின்னச் சின்ன அறைகளாகத்தான் தெரிந்தன, ஆங்கிலப் பெயரே அப்படி வந்ததுதான் என்றார். "ஆனா அவர் பார்த்தது செத்த தக்கை. வெறும் சுவர். ஒங்க லயத்துல ஆள் இருக்குல்ல?"

இருந்தார்கள், அந்த வரிசை வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் எட்டுப் பேர். பக்கத்துக் காம்பராவின் இருமல்கூட எங்களுக்குக் கேட்கும். தாவரக் கலங்களின் சுவர்களிலும் நுண்ணிய துளைகள் உண்டு, அவற்றின் வழியே பண்டங்கள் அக்கம்பக்கம் போய்வரும் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

தமிழ்நாட்டுப் புத்தகங்கள் செல் என்கின்றன. எங்கள் பாடநூலில் கலம். எனக்குக் கலம்தான் பிடிக்கும். எதையோ உள்ளே வைத்துச் சிந்தாமல் காப்பதல்லவா கலம்?

கொழுந்தின் ஒரு கலத்துக்குள் நடுவே பெரியதொரு சாற்றுப் பை இருக்கிறது. புன்வெற்றிடம் என்று அதற்குப் பெயர் வைத்தவர் தேயிலை இலையைக் கடித்துப் பார்த்திருக்க மாட்டார். தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள் அதற்குள்தான் நிறைந்திருக்கின்றன. பைக்கு வெளியே, பச்சையவுருமணிகளில், அந்தப் பொலிபீனோல்களை ஒட்சியேற்றிவிடக்கூடிய நொதியம் இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பவை மென்சவ்வுகள். ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறாக்கினால் ஒரு மென்சவ்வின் தடிப்பு அதில் ஒரு கூறு அளவுதான் வரும். இலை உயிரோடு இருக்கும்வரை, இழைமணிகள் சக்தி தந்துகொண்டிருக்கும்வரை, அந்தத் தடுப்பு தாங்கும். அது கிழிந்தால் சாறும் நொதியமும் காற்றின் ஒட்சிசனும் ஒன்றுசேர்ந்து பச்சை சிவக்கும், பிறகு கறுக்கும்.

ஒவ்வொரு கொழுந்தையும் கிள்ளும்போது சில கலங்கள் கிழிகின்றன. சாறு விரலில் படிகிறது. மீதியைக் காற்று செய்கிறது.

"கொழுந்த அமுக்காத புள்ள, செவந்துரும்" என்று மலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சாக்கில் அமுங்கிச் சிவந்த கொழுந்து, நிறுக்கும் மடுவத்தில் வெளிப்பட்டால் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு. நிறுவையிலும் இரண்டு கிலோ வெட்டு. மழை நாளில் ஈரத்துக்கு ஒரு வெட்டு, சிவப்புக்கு இன்னொரு வெட்டு. அம்மா பேசாமல் வருவார்.

அதே கலத்தை உடைப்பதற்குத்தான் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையையே கட்டியிருக்கிறார்கள். அப்பா அங்கே ரோலரில் வேலை செய்தார். பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75க்கு மேல் நீர்தான். இரவு முழுக்கக் காற்று விட்டு வாட்டினால் அது 55 அளவுக்கு இறங்கும். நீரால் விறைத்திருந்த கலங்கள் தளரும். விறைத்த இலையை ரோலரில் போட்டால் நொறுங்கித் தூளாகும். வாடியது முறுக்கிக்கொள்ளும், உள்ளே கலங்கள் உடைந்து சாறு வெளியே வரும். அப்பா வீட்டுக்கு வந்தால் சட்டையில் வெட்டி வைத்த அப்பிள் மணக்கும். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் புளிக்க வைப்பது என்பார்கள். உண்மையில் அங்கே எதுவும் புளிப்பதில்லை. இலையின் சொந்த நொதியம் வேலை செய்கிறது. செம்பு நிறம் ஏறியதும் டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். அவர் தலையசைத்தால் டிரையர். அந்தச் சூட்டில் நொதியம் செயலிழக்கும். பச்சைத் தேயிலைக்கு இந்தச் சூட்டை முதலிலேயே காட்டிவிடுவதால்தான் அது பச்சையாகவே இருக்கிறது. எந்த நிமிடம் கிழிப்பது, எந்த நிமிடம் நிறுத்துவது என்பதில்தான் தேயிலையின் விலை இருக்கிறது.

இதையெல்லாம் படித்த அன்றைக்குப் பொழுதுபட அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். மாவின் வெள்ளையில் அந்த விரல்கள் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. "அம்மா, ஒங் கையில இருக்கிறது அழுக்கு இல்ல. தேத்தண்ணிச் சாயம். ஸ்டோருல நடக்கிறதுதான் ஒன் வெரல்லயும் நடக்குது" என்றேன்.

அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இதையும் சேர்த்து நிறுக்கச் சொல்லுடா, கணக்கப்பிள்ளைகிட்ட."