தோற்பதற்கென்றே ஒரு யுத்தம்

ஏழாயிரம் பேரை அழைத்துக்கொண்டு, அதைப் போல் பத்து மடங்கு சேனையுள்ள எதிரியின் கோட்டை வாசலுக்குப் போய், "வெளியே வா!" என்று அறைகூவுகிற ராஜாவைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?

"சுத்தப் பைத்தியக்காரன்" என்பீர்கள். சதுரங்கம் ஆடுவதில் கெட்டிக்காரனான என் மருமானும் அப்படித்தான் சொன்னான்.

அவன் சொன்னது, ஜே. ஆர். ஆர். டோல்கின் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் மாபெரும் கற்பனைக் கதையைப் பற்றி. 1954, 1955-ம் வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளிவந்த கதை அது. 2003-ல் வந்த திரைப்படத்தில் அதன் கடைசி யுத்தத்தை உங்களில் பலர் பார்த்திருக்கலாம்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சாரோன் என்ற கொடியவன் தன் சக்தியையெல்லாம் ஒரு மோதிரத்தில் வைத்திருக்கிறான். அது தொலைந்துபோய், பிரோடோ என்ற குள்ள மனிதனின் கைக்கு வந்து சேருகிறது. அதை அழிக்க ஒரே வழி, சாரோனின் நாட்டுக்குள்ளேயே இருக்கும் எரிமலையில் போடுவதுதான். பிரோடோவும் அவன் தோழன் சாமும் மோர்டோர் என்ற அந்த நாட்டுக்குள் ரகசியமாக நுழைகிறார்கள். ஆனால், எரிமலைக்குப் போகும் வழியெல்லாம் எதிரியின் பாசறைகள். எலி நுழையக்கூட இடமில்லை!

இங்கேதான் அரகார்ன் என்ற ராஜாவும் காண்டால்ஃப் என்ற கிழ மந்திரவாதியும் ஒரு யோசனை செய்கிறார்கள். எதிரியை ஜெயிக்க அவர்களிடம் படை இல்லை. அவன் பார்வையைத் திருப்ப மட்டும் முடியும்.

சாரோனின் மனசைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையில் கிடைத்த சக்தியை ஒருவன் வேண்டாமென்று அழிப்பான் என்பது அவன் கனவிலும் வராத விஷயம். "மோதிரம் கிடைத்தால் எவனும் அதை வைத்துக்கொண்டு என் மேல் பாய்வான்" என்பதுதான் அவன் கணக்கு. அரகார்ன் ஏற்கெனவே ஒரு மாயக் கல்லின் மூலம் அவனுக்குத் தன்னைக் காட்டியிருக்கிறான். இப்போது சின்னஞ்சிறு சேனையோடு எக்காளம் ஊதிக்கொண்டு, கட்டியம் கூறிக்கொண்டு வருகிறான். சாரோன் என்ன நினைப்பான்? "மோதிரம் இவனிடம்தான் இருக்கிறது. புதுப் பணக்காரன் மாதிரி அவசரப்படுகிறான்" என்று நினைப்பான். ஆகவே, படை சிறியதாக இருப்பதே தூண்டிலுக்கு நல்ல இரை!

வழியில் பயந்தவர்களையும் காவலுக்கு நிறுத்தியவர்களையும் கழித்தால், வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. ஆனால் உள்நாட்டுப் படைகளெல்லாம் வடக்கே, வாசலை நோக்கித் திரண்டுவிட்டன. எரிமலைக்குப் போகும் வழி காலியாயிற்று. "கழுகின் மேல் ஏறிப் பறந்து போயிருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சாரோனின் பார்வையும் பறக்கும் பூதங்களும் அந்த வானத்தைக் காவல் காக்கும்வரை அது எப்படி நடக்கும்? அந்தப் பார்வையை வேறு பக்கம் திருப்பத்தானே இத்தனை பாடும்!

இந்தத் தந்திரம் எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் என் பாட்டி.

என் அத்தை வேலைக்குப் போவது தாத்தாவுக்குப் பிடிக்காது. 1958-ல் ஆசிரியப் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு என்று அத்தைக்குக் கடிதம் வந்தது. தாத்தாவோ காலை முதல் திண்ணையை விட்டு அசையமாட்டார். அன்றைக்குப் பாட்டி குத்தகை நெல் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். "எட்டு மூட்டை உதைக்கிறதே, யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். அவ்வளவுதான்! தாத்தாவின் கர்ஜனை தெருக்கோடி வரை கேட்டதாம். அந்தச் சமயத்தில் அத்தை, பன்னிரண்டு வயசான என் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

கணக்கில் ஒரு மரக்கால்கூடக் குறையவில்லை என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும். அவள் தோற்பதற்கென்றே போட்ட சண்டை அது. பஸ் வந்ததா, பெண் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா என்பதெல்லாம் சாயங்காலம் வரை அவளுக்குத் தெரியாது. தெரியாமலே நின்று ஏச்சு வாங்கினாள். அத்தை முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள்.

இந்தத் 'தெரியாமலே' என்ற சொல்லில்தான் டோல்கின் கதையின் உயிரும் இருக்கிறது. யுத்தம் தொடங்குமுன் சாரோனின் தூதன் வருகிறான். பிரோடோ அணிந்திருந்த கவசத்தை எடுத்துக் காட்டுகிறான்! சேனையின் நெஞ்சு உடைகிறது. "சரணடைந்தால் அவனை விடுவிக்கிறோம்" என்று பேரம் பேசுகிறான். "எங்கே, அவனைக் கொண்டுவந்து காட்டு" என்று கேட்கிறார் காண்டால்ஃப். தூதன் ஒரு கணம் தயங்குகிறான். அந்த ஒரு கணத் தயக்கத்தைத் தவிர வேறு நம்பிக்கை எதுவும் இல்லாமல், காண்டால்ஃப் பேரத்தை மறுத்துவிடுகிறார்.

வாசகருக்கும் அப்போது பிரோடோவின் கதி தெரியாது. தொடர்கதைக்காக வாரா வாரம் காத்திருக்கும் உங்களுக்கு அந்த வேதனையைச் சொல்ல வேண்டுமா? டோல்கின் 1916-ல் சோம் யுத்தகளத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். பக்கத்துப் படைக்கு என்ன ஆயிற்றென்று தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அவர் நேரில் அறிந்தவர்.

எரிமலை உச்சியில் பிரோடோவின் மனம் கடைசி நிமிஷத்தில் தடுமாறுகிறது. மோதிரம் தனக்கே என்கிறான். அவன் முன்பு இரக்கப்பட்டு உயிரோடு விட்ட கோல்லம் என்ற பரிதாபப் பிராணி பாய்ந்து, விரலோடு அதைக் கடித்துப் பிடுங்கி, நெருப்பில் விழுகிறது. தந்திரம் மலை உச்சி வரைதான் வந்தது. மிச்சத்தைச் செய்தது, என்றோ காட்டிய கருணை.

யுத்தம் முடிந்தபின் அரகார்ன் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீரர்கள் அனைவரும் பார்த்திருக்க, அந்த இரண்டு குள்ளர்களின் முன் மண்டியிட்டு வணங்குகிறான். பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் சிம்மாசனத்தில் அவர்களை உட்கார வைக்கிறான். வாசலில் நின்று கூச்சல் போட்டவனுக்கு, வேலையை முடித்தவர்கள் யார் என்று தெரிந்திருந்தது.