மண்ணின் குணம்

தஞ்சை வண்டலில் பிறந்த நாங்கள், அலுவலகம் தந்த வீடு கட்டும் முன்பணத்தைக் கொண்டு நாகபுரியில் மனை வாங்கியபோது, அதன் விலையை நான்கு பேரிடம் விசாரித்தோம். மண்ணின் குணத்தை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

அது கரிசல். மழையில் நீருண்டு உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழையுமளவு வெடிக்கும். குடிபுகுந்த மூன்றாம் கோடையில் சுவர்கள் விரிசல் கண்டன. ஆடி மழையில் செப்டிக் டாங்கின் கழிவுநீரை உறிஞ்சுகுழி ஏற்க மறுக்க, முற்றமெல்லாம் நாற்றம். ஊரிலிருந்து கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்று வேரழுகி மாண்டது.

அடுத்த தெருக் கோவில்பட்டி அண்ணாச்சி வந்து பார்த்தார். "இது எங்க ஊரு மண்ணுல்லா தம்பி! கட்டுமுன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றார்.

ஈரம் அதிகம் மாறாத ஆழத்திற்கு, குறைந்தது 3.5 மீட்டராவது, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை இறக்கி அவற்றின்மேல் கட்டும் முறையை, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நெடுநாள் முன்பே வகுத்துத் தந்திருப்பதைப் பின்னரே அறிந்தோம்.

உறிஞ்சுகுழியைக் கரிமண் தாண்டி, இவ்வூரார் முரம் என்னும் சரளைப் படிவம்வரை ஆழப்படுத்தினோம். மணலும் தொழுவுரமும் கலந்த மேட்டுப் பாத்தியில் வைத்த கறிவேப்பிலை இன்று அண்டை வீடுகளுக்கும் உதவுகிறது. விரிசல் மட்டும், எத்தனை முறை பூசினாலும், கோடைதோறும் எட்டிப் பார்க்கிறது.

பிழைக்க வந்த ஊரின் மொழியைக் கற்கிறோம். மனை பார்க்கும் அன்பர்கள் அதன் மண்ணையும் ஒரு குழி தோண்டிப் பார்ப்பார்களாக.