ஓட்டுக் கட்டடத்தில் ஒரு காபி

போடிநாயக்கனூரில் அந்தக் காபிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'ஸ்டேஷன் கடை' என்றால் போதும். நாட்டு ஓடு, தேக்கு உத்தரம், பாய்லர் புகையில் கறுத்துப்போன சுவர். மேலே போடிமெட்டு மலையில் விளைகிற கொட்டையைத்தான் வறுத்து அரைக்கிறார்கள், சிக்கரி கொஞ்சம்தான்.

ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவருக்கு நாற்பது வருடமாக விடியல் இங்கேதான்.

1928-ல் வந்த மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோனது. ரயில் சத்தமே இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடமும் கடை நாலரைக்குத் திறந்தது. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் டிரைவர்களும், பெரியவரைப் போன்ற பத்துப் பேரும்தான் அதை ஓட்டினார்கள்.

2023 ஜூனில் ரயில் திரும்பியது. அன்றைக்குக் கடையில் யாரிடமும் காசு வாங்கவில்லை. ரயிலோடு இடத்தின் விலையும் ஏறியது. கட்டடக்காரர் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறாராம்.

"தை வரைக்கும்தான் மாமா" என்றார் கடைக்காரர், டம்ளரை நீட்டியபடி.

நாளைக்கு ஒரு காபிதான் என்பது டாக்டர் உத்தரவு. பெரியவர் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"இன்னொண்ணு போடுப்பா."