கடனாளியிடம் விட்டுவைக்க வேண்டியவை



கடனை அடைப்பது கடமை. இறந்தவருக்குக் கடன் உண்டா என ஜனாஸா தொழுகைக்கு முன் நபி (ஸல்) அவர்கள் வினவியதை மாணவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதே மார்க்கத்தில் மற்றொரு பாடமும் உண்டு. கனி வாங்கிய வணிகத்தில் நட்டமுற்றுக் கடனில் மூழ்கிய ஒருவருக்கு தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களைப் பணித்தார்கள். அதுவும் போதாதபோது, கிடைத்ததற்கு மேல் கேட்க உரிமையில்லை எனக் கடன் கொடுத்தோரிடம் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. திவாலானவருக்கு உடுக்கை விட்டுவைக்க வேண்டும் என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். குடியிருக்கும் வீட்டைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஜவ்வாது மலையில் சாமை விதைப்போரும் அடிவாரத்துக் கைவினைஞரும் கடனின்றி வாழ்வது அரிது. நம் மாணவன் ஒருவனின் தந்தை தையற்காரர். தவணை தவறியதும் கடன் கொடுத்தவர் அவருடைய தையல் இயந்திரத்தைத் தூக்கிச் சென்றார். 'கையெழுத்துப் போட்டுவிட்டேனே, ஹஜ்ரத்' என்று அவர் வாய்மூடி நின்றார்.

நாட்டின் சட்டமோ வேறு சொல்கிறது. 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60, பணக்கடனுக்கான தீர்ப்பின்பேரில் நீதிமன்றமும் ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது: குடும்பத்தாரின் தேவையான உடைகள், சமையற் பாத்திரங்கள், படுக்கைகள், கைவினைஞரின் கருவிகள், உழவரின் வாழ்வாதாரத்துக்குத் தேவையான ஏர்க்கருவி, கால்நடை, விதைத்தானியம், உழவரும் தொழிலாளரும் குடியிருக்கும் சொந்த வீடு, தொழிலாளரின் கூலி. சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணிகலனும் இதில் அடங்கும். இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் ஒப்பந்தம் செல்லாது என்றும் அப்பிரிவே உரைக்கிறது. நீதிமன்றமே தொடக்கூடாத பொருளைத் தனியார் தாமாக எடுத்துச் செல்வது எவ்வாறு தகும்? ஆனால் நாமே அடமானம் வைத்த சொத்துக்கு இந்தக் காப்பு பொதுவாகத் துணைநிற்காது. ஆகவே வீட்டுப் பத்திரத்தை ஈடுவைக்குமுன் பலமுறை சிந்திப்போம்.

கந்துவட்டியைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் உள்ளது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏழைகளுக்குக் கட்டணமின்றி உதவும். அங்கே செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

கடன் கொடுத்த சகோதரர்களே, சிரமத்திலிருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிப்பதும், இயன்றால் தள்ளுபடி செய்வதும் அல்பகறா அத்தியாயம் நமக்கு இட்ட வழி. ஜகாத் பெறுவோர் எண்மரில் கடனாளியும் ஒருவர். இந்த ஆண்டு ஜகாத்தைக் கணக்கிடுகையில் நம் தெருவின் கடனாளியை முதலில் நினைப்போம். அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக. ஆமீன்.