டெலிட் பண்ணிட்டா போயிடுமா?

சிலேட்டுல எழுதி, கோவை இலையை வெச்சுத் தேய்ச்சு அழிச்சிருக்கீங்களா? இல்லைன்னா உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. என்னதான் தேய்ச்சாலும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா நேத்து போட்ட கணக்கு லேசா எட்டிப் பார்க்கும். கம்ப்யூட்டர் அதைவிட மோசம் பாஸ். லேசா இல்லை, மொத்தக் கணக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கும்! இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. செமத்தியா பல்பு வாங்கித் தெரிஞ்சுக்கிட்டேன்.

2017-ல் ஃபைனல் இயர் முடிச்சு ஹாஸ்டலைக் காலி பண்ணும்போது, என் லேப்டாப்பை ஒரு ஜூனியருக்கு 6,000 ரூபாய்க்கு வித்தேன். விற்கிறதுக்கு முன்னாடி பொறுப்பா எல்லா ஃபோல்டரையும் டெலிட் பண்ணினேன். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினேன். பத்தாததுக்கு டி டிரைவுக்கு ஒரு க்விக் ஃபார்மட் வேற. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ஊருக்குக் கிளம்பியாச்சு.

மூணு மாசம் கழிச்சு ஜூனியர்கிட்ட இருந்து போன். பையன் தன்னோட மினி புராஜெக்டைத் தவறுதலா அழிச்சுட்டு, இலவச ரெகவரி சாஃப்ட்வேர் ஒண்ணைப் போட்டுத் தேடியிருக்கான். அவன் புராஜெக்டோட சேர்ந்து என் பழைய ஃபைல்களும் வரிசையா எழுந்து வந்திருக்கு! என் மொக்கைக் கவிதைகள், அரியர் ஹால் டிக்கெட்... அதெல்லாம் போகட்டும். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: ''அண்ணே, ஒரு அக்காவோட லெட்டர் ஒண்ணு இருக்கு. உங்க அசைன்மென்ட்னு நினைச்சுத் திறந்துட்டேன். ரெண்டு வரி படிச்சதும் மூடிட்டேன்ணே.''

எனக்கு அடிவயிறு ஜில்லுனு ஆயிடுச்சு. அது என் வகுப்புத் தோழி கட்டண உதவி கேட்டு எழுதின விண்ணப்பம். அப்பாவோட கடன், வீட்டு நிலைமை எல்லாத்தையும் அதுல எழுதியிருந்தா. கிளாஸ்ல யாருக்கும் தெரியாது. அவகிட்ட கம்ப்யூட்டர் இல்லைங்கிறதால என் லேப்டாப்ல டைப் பண்ணினா. முடிச்சுட்டு, ''அழிச்சுடுவேல்ல?''ன்னு கேட்டா. ''கண்டிப்பா''ன்னு சொல்லியிருந்தேன்.

நான் அழிச்சேனே... அப்புறம் எப்படி? நம்ம ஹாஸ்டல் கதைதாங்க. வார்டன் ரிஜிஸ்டர்ல உங்க பேரை அடிச்சுட்டார்னு வெச்சுக்குங்க. கணக்குப்படி ரூம் காலி. ஆனா நீங்க உள்ளே போர்வை போர்த்தித் தூங்கிட்டுத்தான் இருக்கீங்க! அந்த ரூமுக்குப் புது ஆள் வந்தாதான் நீங்க வெளியே. டெலிட்ங்கிறது பேரை அடிக்கிறது. க்விக் ஃபார்மட்ங்கிறது புது ரிஜிஸ்டர் போடறது. ரெகவரி சாஃப்ட்வேர் ரிஜிஸ்டரை நம்பாது. ஒவ்வொரு ரூமா கதவைத் தட்டிப் பார்த்துடும்.

ஏமாந்தது நான் மட்டும் இல்லை. எம்.ஐ.டி.யில் படிச்சுக்கிட்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ரெண்டு பேரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதிச்சு, 2003-ல் கட்டுரை வெளியிட்டாங்க. வேலை செஞ்ச 129-ல் ஒழுங்கா துடைக்கப்பட்டிருந்தது வெறும் 12! மத்ததுல இருந்து 5,000-க்கும் மேலான கிரெடிட் கார்டு நம்பர்கள் கிடைச்சுது.

சரி, என்னதான் பண்ணணும்? பழைய ரக ஹார்ட் டிஸ்க்னா, அதுமேல வேற எதையாவது எழுதணும். 1996-ல் பீட்டர் குட்மன் எழுதின கட்டுரையைக் காட்டி, 35 தடவை எழுதணும்னு சிலர் பயமுறுத்துவாங்க. நம்பாதீங்க. இப்போதைய டிஸ்க்குக்கு அது தேவையில்லைன்னு பின்னாடி அவரே சொல்லிட்டார். முழுசா ஒரு தடவை எழுதினாலே போதும். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து, 'க்விக்' டிக்கை எடுத்துட்டு ஃபார்மட் பண்ணினா டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதிடும். நேரம் ஆகும். டீ குடிச்சுட்டு வாங்க.

எஸ்.எஸ்.டி.ன்னா கதை வேற. அங்கே வார்டன் ரொம்ப உஷார். எந்தக் கட்டிலும் சீக்கிரம் தேயக்கூடாதுன்னு ஆளை மாத்தி மாத்திப் போடுவார். நீங்க 12-ம் நம்பர் ரூம்ல எழுதச் சொன்னா, அவர் 40-ல் எழுதுவார். பழசு 12-லேயே கிடந்தாலும் கிடக்கும். அதனால டிரைவைத் தயாரிச்ச கம்பெனி தர்ற 'செக்யூர் எரேஸ்' வசதியைப் பயன்படுத்தணும். அதைவிட நல்லது, வாங்கின அன்னிக்கே என்க்ரிப்ஷனைப் போட்டு வைக்கிறது. அப்போ விற்கும்போது சாவியை அழிச்சா போதும். ஆள் உள்ளேயே இருந்தாலும் அவர் பேசுறது யாருக்கும் புரியாது.

புது ஆண்ட்ராய்டு போன்கள் என்க்ரிப்ஷனோடத்தான் வருது. கூகுள் அக்கவுன்ட்ல இருந்து வெளியே வந்துட்டு ஃபேக்டரி ரீசெட் கொடுங்க. மெமரி கார்டைக் கழட்ட மறந்துடாதீங்க. விண்டோஸ் 10, 11-ல் 'ரீசெட்' பண்ணும்போது 'க்ளீன் டேட்டா'வுக்கு 'யெஸ்' கொடுங்க. முக்கியமா, வேண்டியதை முதல்ல காப்பி எடுத்து வெச்சுக்குங்க. ஒழுங்கா அழிச்சது அழுது புரண்டாலும் திரும்ப வராது.

நான் அந்த ஞாயித்துக்கிழமையே பஸ் ஏறிப் போய், ஜூனியரோட ஃபைல்களை பென் டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு, டிஸ்க்கை முழுசா துடைச்சேன். தோழிகிட்ட சொல்லாம விட்டிருக்கலாம். மனசு கேட்கலை. போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ''அந்தப் பையன் நல்லவனா?''ன்னு கேட்டா.

''நல்லவன்தான்''னேன்.

''அப்ப தப்பிச்சேன். ஆனா அது உன்னால இல்லடா.''

இன்னிக்கும் அது காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. என் கவிதை வெளியே போயிருந்தா நாலு பேர் சிரிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். ஆனா நம்ம கம்ப்யூட்டர்ல நம்ம விஷயம் மட்டுமா இருக்கு? நம்மை நம்பிக் கொடுத்தவங்களோடதும்தானே இருக்கு! அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட ''அழிச்சுடுவேல்ல?''ன்னு கேட்டா, 'கண்டிப்பா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க, ப்ளீஸ்!